ஆடியில் தொலைந்த பெயர்

அத்தியாயம் 3

"யாருன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம்யா. அவன்தேன்னு நிரூபிச்சுக் குடுத்தாப் போதும்" என்றாள் சுருளியம்மாள்.

துப்பறியும் செங்கோட்டையன் காலை பத்து மணிக்கு இரண்டாவது பாலில்லாக் கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தார். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருபத்தைந்து வருடம் நிலப் பத்திரம் எழுதிப் பிழைத்தவர் அவர். யார் நிலத்தை யார் ஏமாற்றி எழுதி வாங்கினார்கள் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, ஒரு கட்டத்தில் எழுதுவதை விட்டுவிட்டுக் கண்டுபிடிப்பதை மட்டும் தொழிலாக வைத்துக்கொண்டார். வருமானம் குறைந்தது. மரியாதை அதைவிட வேகமாகக் குறைந்தது.

"சார், இது ரொம்ப நல்ல கேஸுங்க. குற்றவாளியை அவங்களே புடிச்சு வெச்சிருக்கறாங்க. நம்ம பில்லை மட்டும் போட்டாப் போதும்" என்றாள் மௌனிகா. அவருடைய உதவியாளர். பெற்றோர் என்ன நம்பிக்கையில் அந்தப் பெயரை வைத்தார்களோ, அது பலிக்கவில்லை.

"அம்மிணி, சித்த சும்மா இரு" என்றார் செங்கோட்டையன். அவள் சும்மா இருந்தாள், ஏறக்குறைய அரை நிமிடம்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது மூணாறை அடுத்த மலையூரான வட்டவடையில், பூண்டு விவசாயிகள் சங்கத்தின் கிடங்கில். ஒரு பக்கம் பூண்டு மூட்டைகள். இன்னொரு பக்கம் அடுக்கிய வெள்ளை அட்டைப் பெட்டிகள், மொத்தம் மூவாயிரம். ஓணக் கொண்டாட்டம் தொடங்கும் அத்தம் பிறந்து மூன்று நாளாகிவிட்டது, திருவோணத்துக்கு இன்னும் ஒரு வாரம். கொச்சியில் ஒரு பெரிய கடைக்காரர் ஓணப் பரிசாக விற்க இந்தப் பெட்டிகளைக் கேட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. பெட்டியின் மேல் அச்சடித்த க்யூ.ஆர். கட்டத்தில் போனைக் காட்டினால் சங்கத்தின் இணையதளம் திறக்க வேண்டும். எந்தக் குடும்பம் விளைவித்த பூண்டு என்று வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டும்.

போனைக் காட்டினால் இப்போது திறந்தது வேறு. மௌனிகா காட்டிப் பார்த்தாள். "பனிப்பூண்டு டாட் காம். இந்தப் பெயர் விற்பனைக்கு இருக்கலாம்" என்று கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் வந்தது.

சங்கத் தலைவி சுருளியம்மாள் நடந்ததைச் சொன்னாள். ஆடி மாதம் பிறந்ததும் ஒரு கூட்டம் போட்டார்கள். பெரியம்மாள் மகன் அருண்பாண்டி, ஊரில் கம்ப்யூட்டர் படித்த ஒரே பையன், போனில் தேடிப் பார்த்துவிட்டுப் இணையதளத்துக்குப் பனிப்பூண்டு என்ற பெயர் காலியாக இருப்பதாகச் சொன்னான். முதல் வருடத்துக்கு வெறும் தொண்ணூற்றொன்பது ரூபாய். இப்போதே வாங்கிவிடலாம் என்றான்.

"நாந்தேன் வேண்டாம்னேன். ஆடியில யாராச்சும் நல்ல காரியம் தொடங்குவாகளா? ஆவணி பொறக்கட்டும்னேன். அறுபத்து நாலு குடும்பமும் சரின்னுச்சு."

ஆவணி முதல் தேதி எல்லோரும் குளித்துவிட்டு வந்து, விளக்கேற்றி, தேங்காய் உடைத்து, போனைத் திறந்தார்கள். பெயர் போயிருந்தது. வாங்கினவர் யார் என்பதை, இணையப் பெயர்களை விற்கும் கம்பெனி மறைத்துவிட்டது. வேண்டுமானால் தரகர் வைத்து அவரிடம் பேசித் தருகிறோம், கட்டணம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் என்றது அதே கம்பெனி. கட்டினார்கள். கட்டிய பிறகுதான் கீழே பொடி எழுத்து கண்ணில் பட்டது. பேரம் படிந்தாலும் படியாவிட்டாலும் பணம் திரும்ப வராது. பத்து நாள் கழித்து, உரிமையாளர் பதில் சொல்ல மறுக்கிறார் என்று ஒரு வரி வந்தது. அதோடு தரகரின் கடமை முடிந்தது.

"அது போக, முந்தாநேத்து எங் கணக்குல இருந்து நாலாயிரத்தி எழுநூத்தி இருவது ரூவாயை எடுத்திருக்கான்யா" என்று பேங்க் அனுப்பிய செய்தியைக் காட்டினாள் சுருளியம்மாள். "பேரையும் திருடி, என்னையும் திருடிட்டான். ரூவா போனாப் போகுது. இந்தப் பெட்டி போகலேன்னா அறுபத்து நாலு வீட்டுலயும் ஓணம் இல்ல."

"அருண்பாண்டிதான்னு எப்படிங்க சொல்றீங்க?" என்றார் செங்கோட்டையன்.

அவள் ஒரு தாளை எடுத்துப் போட்டாள். பெயரைப் பற்றி எவரும் பார்க்கக்கூடிய பதிவு அது. வாங்கினவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கிய நாளும் நேரமும் இருந்தன. ஜூலை இருபத்தெட்டு, 03:14.

"ராத்திரி மூணே காலுக்கு இந்த ஊருல எந்த வீட்டுல லைட்டு எரியும்? அவன் வீட்டுல மட்டுந்தேன். பரீச்சைக்குப் படிக்கேன்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருப்பான்."

"இந்தத் தாளை யாரு எடுத்துக் குடுத்தாங்க?"

"அவனேதேன்" என்றாள் சுருளியம்மாள். அதில் ஏதாவது தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம். தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் கொடுப்பதாக ஏற்பாடு. புகார்த் தாள் ஏற்கெனவே எழுதித் தயாராக இருந்தது. எழுத்து அழகாக இருந்தது.

*

அருண்பாண்டியின் வீட்டுக்குப் போகும் வழியில் மௌனிகாவுக்கு மூச்சு வாங்கியது. அதனால் பேச்சு நிற்கவில்லை, துண்டு துண்டாக வந்தது.

"சார்... திருடனே... தடயத்தை... பிரிண்ட் போட்டுக் குடுத்திருக்கறான்... இவனைப் புடிச்சா... நமக்குத்தான் கேவலமுங்க."

வீட்டு வாசலில் பெரியம்மாள் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, கைகளை முந்தானையில் துடைத்தாள்.

"நீங்களும் கேட்டுட்டுப் போங்க. எல்லாரும் கேட்டாச்சு" என்றாள். "எம் புள்ள எடுக்கலய்யா."

அருண்பாண்டிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தூங்காத கண்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். மேசை மேல் ஒரு அரசாங்கக் கவர் இருந்தது. செங்கோட்டையன் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவனே சொன்னான்.

"பி.எஸ்.சி. அட்வைஸ் மெமோ சார், வேலைக்குத் தேர்வாயிட்டேன்னு வந்த கடுதாசி. தமிழும் மலையாளமும் தெரிஞ்ச கிளார்க் போஸ்ட். தேவிகுளத்துல. மூணு வருசம் படிச்சு வாங்குனது. போலீஸ் வெரிபிகேஷன் மட்டும் பாக்கி."

"இன்னிக்கு உம் பேர்ல புகார் போனா?"

"வெரிபிகேஷன்ல அது வரும். அப்புறம் வேலை வராது" என்றான். அதை அவன் பல தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

செங்கோட்டையனுக்கு அந்தப் பையன் மேல் இரக்கமாக இருந்தது. இரக்கத்தை வைத்துக் கேஸ் நடத்த முடியாது என்பதால் தாளை நீட்டினார்.

"ராத்திரி மூணே காலுக்கு என்ன பண்ணிட்டிருந்தே?"

"அது ராத்திரி மூணே கால் இல்ல சார். அந்தப் பதிவுல எல்லாமே லண்டன் கிரீன்விச் நேரம். நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணிக்கூர் கூட்டணும். அதைச் சொல்லத்தேன் தாளையே எடுத்துக் குடுத்தேன். லண்டன்காரன் வந்து பூண்டு பேரை வாங்குனானாக்கும்னு எல்லாரும் சிரிச்சுட்டாக."

மௌனிகா விரல் விட்டு எண்ணினாள். "எட்டு நாப்பத்து நாலு. காலைல."

"அந்த நாள் காலைல எட்டே முக்காலுக்கு இந்த ஊருல இருந்து போன்ல எதுவும் வாங்க முடியுமா?" என்றார் செங்கோட்டையன்.

இதற்குப் பெரியம்மாள் பதில் சொன்னாள். "எங்கிட்டு? ஆடி மழைக்கு மரம் விழுந்து மூணு நாளா கரண்டு இல்ல, டவரும் செத்துப்போச்சு. ரேசன் கடையில விரல் வைக்கிற மெசினு வேலை செய்யலைன்னு திங்கக்கிழம அரிசி போடல. எட்டு மணிக்கே போயி நானும் இவனும் வரிசையில நின்னோம். நாப்பது பேரு நின்னோம். பத்து மணிக்குத்தேன் போகச் சொன்னான் கடைக்காரன்."

ஜூலை இருபத்தெட்டு திங்கட்கிழமை. மௌனிகா போன் காலண்டரில் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

"நாப்பது சாட்சி. அதுவும் அரிசி கெடைக்காத சாட்சி. அந்த நாளை ஒருத்தரும் மறக்க மாட்டாங்க சார்."

செங்கோட்டையன் தாளின் கீழ்ப் பகுதியைக் காட்டினார். "இதென்ன இது, பேருக்குக் கீழ வால் மாதிரி நீளமா?"

அவள் பார்த்தாள். "பேரை வாங்குனவங்க சும்மா வாங்கல சார். மெயில் வசதி, தளம் கட்டற வசதி, அதுக்கொரு காவல், எல்லாத்தையும் சேத்து எடுத்திருக்கறாங்க. காசு கட்டற எடத்துல கம்பெனிக்காரனே எல்லாத்துலயும் டிக் போட்டு வெச்சிருப்பானுங்க. மொத முப்பது நாள் இலவசம்பான். ஒண்ணொண்ணா நம்மதான் எடுத்து உடோணும். எடுக்கலைன்னா அப்படியே தலைல கட்டிருவான்."

"பேரைத் திருடி விக்கறவனுக்கு இதெல்லாம் எதுக்கு? திருடுன தோட்டத்துக்கு எவனாவது சொட்டு நீர் போடுவானா?"

"நான் வாங்கியிருந்தா எல்லா டிக்கையும் எடுத்திருப்பேன் சார்" என்றான் அருண்பாண்டி. சொல்லிவிட்டு, அது தனக்கு உதவுமா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

செங்கோட்டையன் எழுந்தார். அவருக்கு இப்போது தேவைப்பட்ட ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது. சங்கம் யோசித்த பெயர் முன்பே தெரிந்தவர், இங்கிலீஷ் அவ்வளவாக வராதவர், அவசரத்தில் இருந்தவர், அந்தத் திங்கட்கிழமை காலை ஊரில் இல்லாதவர்.

"ஊருக்கு வெளிய போகோணும்னா எப்படிப் போவீங்க?"

"ஜீப்புலதேன். காலைல ஏழரைக்கு ஜிஜி அண்ணன் ஜீப்பு. மூணாறுக்கு" என்றாள் பெரியம்மாள். பிறகு, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "சார், சாயா குடிச்சுட்டுப் போங்க. பன்னெண்டு நாளா யாரும் எங்க வீட்டுல சாயா குடிக்கல" என்றாள்.

செங்கோட்டையன் மறுபடி உட்கார்ந்தார். மூன்றாவது சாயா அவருக்கு ஆகாது. குடித்தார்.

*

ஜீப் ஸ்டாண்டில் ஜிஜி டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். மலையாளி. இருபது வருடம் இந்த ரோட்டில் ஓட்டியதில் அவருடைய தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டும் அவரிடம் சண்டையில்லாமல் குடியிருந்தன.

"ஜூலை இருவத்தெட்டா? ரேசன் இல்லாத்த திங்களாழ்ச்சையா? ஓர்மையுண்டு சாரே. அன்னிக்கு எனிக்கு நல்ல வண்ணம் தெறி கேட்டு."

"எதுக்குங்க திட்டுனாங்க?" என்றாள் மௌனிகா.

"டாப் ஸ்டேஷன் வளைவுல வண்டியை நிறுத்தினேன். பாம்பாடும் சோலை கழிஞ்சு அங்கதான் ரேஞ்ச் வரும். முன் சீட்டுல இருந்த ஆள் ஒரு அஞ்சு மினிட் நிறுத்து, போன்ல ஒரு காரியம் உண்டுன்னு பறஞ்சு. நிறுத்தினேன். பின்னால கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் வந்து ஹாரன் அடியோட அடி. எல்லாம் இங்கிலீஷ், ஜிஜி நீயே அமுக்குன்னு போனை என் கையில தந்து. பஸ்காரன் இறங்கி வர்றான். நான் எந்து செய்ய? வந்ததுக்கெல்லாம் ஓகே, ஓகே, ஓகே. ஒரு ஏழெட்டு ஓகே."

"எட்டு நாப்பத்து நாலுக்கா?"

"எட்டு மணிக்கு சோலை செக்போஸ்ட் கடக்கும். அப்போ டாப் ஸ்டேஷனுக்கு ஏறக்குறைய அந்த நேரம் வரும்."

"என்ன காரியம்னு கேக்கலீங்களா?"

"ரீசார்ஜ்னு நினைச்சேன். தொண்ணூத்தொம்பது ரூபாயல்லே?"

"இதை இத்தனை நாள் ஏனுங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"ஒருத்தரும் என்கிட்ட கேட்டில்ல" என்றார் ஜிஜி, நியாயமாக.

செங்கோட்டையன் கேட்டார். "முன் சீட்டுல இருந்தது யாருங்க?"

ஜிஜி சொன்னார். மௌனிகா பில் புத்தகத்தை எடுத்துப் பையின் அடியில் தள்ளினாள்.

*

கிடங்கில் சுருளியம்மாள் தீர்மானப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மணி ஒன்றரை.

"நிரூபிச்சாச்சாய்யா?"

"ஆச்சுங்க" என்றார் செங்கோட்டையன். "அதுக்கு முன்னால சின்னச் சின்னதா ரெண்டு சந்தேகம். இந்தப் பெட்டியை எங்க அச்சடிச்சீங்க?"

"மூணாறுல. ஆவணி ஒண்ணாந்தேதிதேன் குடுத்தேன். பில்லு இருக்கே."

பில் சுவரில் ஆணியில் குத்தியிருந்தது. ஆகஸ்ட் பதினேழு என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"ஆவணி ஒண்ணு ஞாயித்துக்கிழமைங்க" என்றாள் மௌனிகா. "அச்சாபீஸ் லீவு. பேரு போயிருச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கே அதே பேரைப் போட்டு அடிக்கக் குடுத்தீங்களா? அதுவுமில்லாம மூவாயிரம் பெட்டி மறுநாளே வந்து எறங்கியிருக்குதுன்னு பில்லு சொல்லுது. ஒரே ராத்திரில மூவாயிரம் பெட்டி அடிக்கற அச்சாபீஸ் மூணாறுல இருந்தா, நான் அங்கயே வேலைக்குச் சேந்துக்கறேன்."

சுருளியம்மாளின் கைப் பேனா நின்றது.

"அச்சாபீஸ் வேலை அச்சாபீஸ்காரனோட வேலைதானய்யா. ஆடியில அவன் அடிச்சா நமக்கென்ன? பில்லு தேதியை மட்டும் ஆவணியில போடச் சொன்னேன்" என்றாள் மெதுவாக.

"சரிங்க. ரெண்டாவது சந்தேகம். உங்க கணக்குல எவ்வளவு இருந்துச்சு?"

"அறுவத்தோராயிரம்."

"திருடன் நாலாயிரத்தி எழுநூத்தி இருவதை எடுத்துட்டு அம்பத்தாறாயிரத்தை விட்டுட்டுப் போயிருக்கறான். நாலாயிரத்துக்குப் பதினெட்டு சதம் வரி எழுநூத்தி இருவது. ஜி.எஸ்.டி. கட்டற திருடனை நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றார் செங்கோட்டையன். "எண்ணி, வரியும் சேத்து எடுக்கறவன் திருடன் இல்லீங்க. பில் போடறவன். ஜூலை இருவத்தெட்டுல இருந்து எண்ணிப் பாருங்க, முந்தாநேத்தோட முப்பது நாள். மொத முப்பது நாள் இலவசம்னு குடுத்ததுக்குக் கம்பெனிக்காரன் அவனே காசு எடுத்துட்டான். எடுத்துக்கோன்னு அனுமதி குடுத்தது உங்க போன்ல இருந்து. டாப் ஸ்டேஷன் வளைவுல. எட்டு நாப்பத்து நாலுக்கு."

சுருளியம்மாள் உட்கார்ந்தவள் எழவில்லை. முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

"அது வாங்கலய்யா" என்றாள். "அச்சாரம்."

"என்னது?"

"அச்சாரம். தொண்ணூத்தொம்பது ரூவா. பூண்டு பறிக்கும் முன்னாடி வியாபாரி வந்து ஆயிரமோ ரெண்டாயிரமோ கையில குடுத்துருவான்ல? குடுத்துட்டா அந்தத் தோட்டத்தை வேற யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாக. அப்புறம் நல்ல நாள் பாத்து மொத்தக் காசும் குடுத்து எடுத்துட்டுப் போவான். அந்த மாதிரிதேன் நெனச்சேன். எவனாச்சும் தூக்கிருவானோன்னு பயம். பேரை அச்சாரம் போட்டு நிறுத்திட்டு, ஆவணியில எல்லாரு முன்னாடியும் வாங்கிரலாம்னு பாத்தேன். ஒரு பேரோட வெல வெறும் தொண்ணூத்தொம்பது ரூவான்னு யாரு நம்புவா?"

செங்கோட்டையன் இருபத்தைந்து வருடப் பத்திரங்களை நினைத்துப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு குறையும் தெரியவில்லை. உலகத்தில் எந்தச் சொத்தும் அப்படித்தான் கைமாறுகிறது.

"நெட்டுல அச்சாரம்ங்கற வழக்கம் கெடையாதுங்க. நீங்க குடுத்தது முழுக் கிரயம். அன்னிக்கு எட்டு நாப்பத்து நாலுல இருந்து அந்தப் பேரு உங்களுது."

"என்னுதா?"

"உங்களுதுதான். பேரை யாரும் திருடல."

"அப்ப அந்த விற்பனைக்குங்கிற போர்டு?"

"நீங்க மனையை வாங்கிட்டு ஒண்ணும் கட்டாம உட்டுட்டீங்க. காலி மனைல கம்பெனிக்காரனே போர்டு வெச்சுக்கறான். பொடி எழுத்துல அதுக்கும் நீங்க ஓகே சொல்லியிருக்கறீங்க."

மௌனிகாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "அந்தத் தரகர் தேடுனதும் உங்களைத்தானுங்க. கம்பெனிக்காரன் இருக்கறது டில்லில, டில்லி நம்பர்ல இருந்து ஏதாச்சும் போன் வந்துச்சுங்களா?"

"தெனமும் வந்துச்சு. லோன்காரன்னு கட் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

"அப்ப உங்களைக் கண்டுபிடிக்க நீங்களே ஐயாயிரத்தித் தொள்ளாயிரம் கட்டியிருக்கறீங்க. அப்பறம் எங்களுக்கு வேற தனியா" என்றாள் மௌனிகா.

சுருளியம்மாள் சிரிக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

"ஆவணி ஒண்ணுல பேரு போயிருச்சுன்னதும், ஆடியில காசு குடுத்த பாவந்தேன்னு தோணுச்சு. ஊருக்கெல்லாம் கூடாதுன்னு சொல்லிட்டு நானே குடுத்துட்டேனேன்னு. வெளிய சொல்ல வாய் வரல. அந்த நேரம் பாத்து யாரோ அருண்பாண்டி பேரைச் சொன்னாக. எனக்கும் அதுதேன் சௌகரியமா இருந்துச்சு" என்றாள்.

பிறகு நிமிர்ந்து, "டில்லிக்காரன் ஒருத்தன் எடுத்திருந்தான், நீங்க பேசி வாங்கிக் குடுத்துட்டீகன்னு சொல்லிருங்கய்யா. பையன் மேல தப்பில்லன்னு ஆயிரும். பெட்டியும் போயிரும். உங்களுக்கு ரெட்டிப்பாக் குடுக்கேன்" என்றாள்.

செங்கோட்டையனுக்குப் பணம் தேவையாகத்தான் இருந்தது. காருக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டும்.

"காசு வாங்கிட்டுப் பொய்யை எழுதிக் குடுத்தவன் நான். ஒண்ணு ரெண்டில்லீங்க. அதனாலதான் அந்தத் தொழிலை உட்டேன்" என்றார். "டில்லிக்காரன்னு சொன்னா, அவனுக்கு இங்கிருந்து ஆள் காட்டுனது யாருன்னு நாளைக்குக் கேப்பாங்க. மறுபடியும் அதே வீட்டுக்குத்தான் போவாங்க. மூணு மணி வரைக்கும் இருக்கறேன். நீங்களே சொன்னீங்கன்னா நல்லதுங்க. சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

*

மூன்று மணிக்குக் கிடங்கு நிறைந்துவிட்டது. இடமில்லாதவர்கள் மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். அருண்பாண்டி வாசல் பக்கம் நின்றான். அவனைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது. அவன் அம்மா அந்த இடத்தில் அவனோடு நின்றாள்.

சுருளியம்மாள் எழுந்தாள். தீர்மானப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"பேரு தொலையல. எங்கிட்டதேன் இருக்கு. ஆடி பன்னெண்டாந்தேதி ஜீப்புல போகும்போது நாந்தேன் காசு கட்டுனேன். அச்சாரம்னு நெனச்சுக் கட்டுனேன். அது கிரயமாகிப்போச்சுன்னு இன்னைக்குத்தேன் தெரியும். அருண்பாண்டி எடுக்கல."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆடியிலயா கட்டுனீக?"

கிடங்கு முழுக்க அதையே கேட்டது. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஆடியிலயாம், ஆடியிலயாம் என்று பின் வரிசை வரைக்கும் போய்த் திரும்பியது. ஒரு பையனைப் பன்னிரண்டு நாள் திருடனாக்கியதைப் பற்றி யாரும் உடனே எதுவும் கேட்கவில்லை. செங்கோட்டையனுக்குக் கோபம் வந்தது.

"ஆமா, ஆடியிலதேன்" என்றாள் சுருளியம்மாள், குரலை உயர்த்தி. "அதுக்கு என்ன தெண்டம் போடணுமோ எனக்குப் போடுங்க. இப்ப அதில்ல பேச்சு. தப்பு செய்யாத பிள்ளையைத் திருடன்னு சொன்னோம். மொத ஆளாச் சொன்னவுக யாரோ தெரியல, ஆனா உரக்கச் சொன்னது நானு." புகார்த் தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள். அழகான எழுத்து. "பெரியம்மா, வந்து உங்கால்ல விழச் சொன்னாலும் விழுவேன்."

பெரியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அழுகிறாளா இல்லையா என்று பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கொச்சிக்கு லாரி ஐந்து மணிக்கு. அதற்குள் கட்டத்தில் போனைக் காட்டினால் தளம் திறக்க வேண்டும். அந்த ஊரில் அதைச் செய்யத் தெரிந்தவன் ஒரே ஒருவன். அதுவும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்தது. எல்லாக் கண்களும் வாசல் பக்கம் திரும்பின.

அருண்பாண்டி வந்தான். சுருளியம்மாளின் போனை வாங்கினான். ஜிஜி ஓகே சொன்ன ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து நிறுத்தினான். மாதா மாதம் காசு எடுக்கும் அனுமதியை ரத்து செய்தான். போர்டை எடுத்தான். தயாராக வைத்திருந்த தளத்தை ஏற்றினான். பதினைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் யாரும் மூட்டையிலிருந்து இறங்கவில்லை.

மௌனிகா ஒரு பெட்டியில் போனைக் காட்டினாள். பூண்டுத் தோட்டம் வந்தது. அறுபத்து நான்கு குடும்பத்தின் பெயரும் வரிசையாக வந்தது. கூட்டத்தில் கைதட்டல் எழுந்தது.

"இன்னொண்ணு பாக்கி. உரிமையாளர் பேரு" என்றான் அருண்பாண்டி. "இப்ப சுருளி அத்தை பேருல இருக்கு. மாத்தணும்னா மாத்தலாம்."

"உம் பேரையே போடுய்யா" என்றாள் சுருளியம்மாள். அவள் குரலில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சரிசெய்துவிடும் அவசரம் இருந்தது. "இனிமே அது உம் பொறுப்பு. சங்கமே சொல்லுது."

ஆமா, ஆமா என்றது கூட்டம். இப்போது கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது.

அருண்பாண்டி கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்தான்.

"வேண்டாம் அத்தை. சங்கம் பேருலயே போடுங்க. எம் பேரைப் போட்டா, நாளைக்கு எது காணாமப் போனாலும் மொதல்ல எங்க வீட்டுக்குத்தேன் வருவீக."

கோபமாகச் சொல்லவில்லை. சுருளியம்மாள் தலையசைத்தாள், அவன் சங்கத்தின் பெயரை அடித்தான்.

போனில் ஒரு சத்தம் வந்தது. "ஓ.டி.பி. வந்திருக்கும். உங்களுக்கு வந்ததை நீங்களே பாத்துச் சொல்லுங்க. நான் பாக்கக் கூடாது" என்று போனை அவளிடம் நீட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். நாலாவது எண்ணில் கண்ணீர் மறைத்தது. படிக்க முடியவில்லை.

"மெதுவாச் சொல்லுங்க அத்தை" என்றான் அருண்பாண்டி, திரும்பாமலே. "நேரம் இருக்கு."